கழுத்தெலும்புக் குழி

எலும்பு எல்லாருக்கும் ஒரே எலும்புதானே சார் என்கிறான். சென்னையில் ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, காலையில் வயிறு நிறையத் தின்ற வாயால் சொல்கிறான். நல்லேந்திரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தக் குரல் செய்தியை மறுபடி ஓடவிட்டான். பக்கத்துக் கட்டிலில் அண்ணன் கண்ணை மூடிக் கிடக்கிறார், சத்தம் வெளியே போகக் கூடாது. "டென்ஷன் ஆகாதீங்க சார். நம்ம ஆளுங்க படம் கெடைக்கலேன்னா விட்டுடுங்க. அந்த பிரிட்டிஷ் கைதிங்க வரைஞ்ச ஸ்கெட்ச் அவ்வளவு இருக்குல்ல, அதுல ஒரு பாடியை எடுத்து ஸ்கின் டோனை மட்டும் மாத்திடுங்க. எலும்பு எல்லாருக்கும் ஒரே எலும்புதானே சார்? சாயங்காலத்துக்குள்ள அந்த ஒரு பக்கம் வந்துட்டா பிரஸ்ஸுக்குப் போயிடலாம்." வெள்ளைக்காரன் உடம்பை எடுத்துக் கறுப்படித்துவிடு என்கிறான், வேறென்ன. பொம்மை செய்கிறவன்கூட இதற்குக் கூசுவான். ஹரிபிரசாத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது, பதிப்பகத்தில் ஆசிரியன், வாய்க்கு வாய் சார், மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனைத் திட்டவும் முடியாது. திட்டாத திட்டெல்லாம் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து புளிக்கிறது. நீ சாவுடா என்று மனசுக்குள் சொன்னான். உடனே கட்டிலைப் பார்த்தான். இந்த வீட்டில் அந்த வார்த்தையை மனசுக்குள்கூடச் சொல்லக் கூடாது என்று தோன்றியதும் அதற்கும் சேர்த்து ஹரிபிரசாத் மேல் கோபம் வந்தது. பங்குனி வெயில் பொன்மலையையே வறுத்துக்கொண்டிருந்தது. எழுந்து ஃபேனை இன்னும் ஒரு புள்ளி கூட்டிவிட்டு உட்கார்ந்தான். பிளாஸ்டிக் நாற்காலி முதுகோடு ஒட்டிக்கொண்டது.

முப்பது வருஷம் வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதைப் படம் போட்டவன். அப்போது நடிகை மூக்கை எடுத்து நாயகிக்கு ஒட்டியிருக்கிறான், நடிகன் தலைமுடியை எடுத்து வில்லனுக்கு. அதெல்லாம் கூசியதே இல்லை. கதையே புளுகு, மூக்கு யார் மூக்காக இருந்தால் என்ன. இது அப்படியில்லை. இது சயாம் ரயில் பாதை. ஜப்பான்காரன் யுத்தத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழனை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய்க் காட்டுக்குள் தண்டவாளம் போட வைத்தானே, அது. போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு. அந்தக் கதையைப் படப்புத்தகமாகப் போட வேண்டும், பக்கம் பக்கமாக, வசனம் குறைவாக, பார்க்கிறவன் வயிறு சுருள வேண்டும் என்று இதே ஹரிபிரசாத்தான் வீடு தேடி வந்து கேட்டான். கதைநாயகன் முத்தையன், பால்மரம் வெட்டுகிறவன். அவனுக்காக நல்லேந்திரன் இரண்டு வருஷம் படம் தேடினான். நூலகங்களுக்கு எழுதினான், வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் கணினிப் பக்கங்களைக் கண் பூத்துப்போகும் வரை புரட்டினான். அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசை கிடைத்தது, மூங்கில் பாலம் கிடைத்தது, மண்வெட்டி, சாக்கு, தகரக் குவளை எல்லாம் கிடைத்தது. மனுஷன் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரக் கைதிகள் ஒளித்து ஒளித்து வரைந்த படங்கள் ஏராளம். ஒவ்வொன்றிலும் ஒருவன் கன்னம் ஒட்டிப்போய்ப் பார்க்கிறான், கீழே அவன் பெயர், பட்டாளத்தில் அவன் வகித்த பதவி, அவன் ஊர்கூட. தமிழன்? நல்லேந்திரன் கண்ணில் பட்டவரைக்கும் முதுகு. தூரத்தில் மூன்று முதுகு, தலையில் கூடையோடு நாலு முதுகு, ஒரு படத்தில் வேலியோரம் குந்தியிருக்கும் ஒரே ஒரு முதுகு. பெயர் கிடையாது, கூலிகள், அவ்வளவுதான். அந்த வேலியோர முதுகைப் பார்த்த அன்றைக்கு அவன் கணினியை அறைந்து மூடினான். டேய் திரும்புடா, ஒரு தடவை திரும்பித் தொலைடா என்று கத்தினான். வீட்டில் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். யார் மேல் கோபப்படுவது? வரைந்தவனும் பட்டினியில்தான் கிடந்தான், பிடிபட்டால் ஜப்பான்காரன் தலையை எடுத்திருப்பான், மூங்கில் குழாய்க்குள் காகிதத்தை ஒளித்துவைத்து வரைந்தவனைப் போய்க் கோபித்துக்கொள்வது நியாயமா? நியாயமில்லை. ஆனாலும் கோபம் வந்தது. பக்கத்துக் குடிசைதானே, பத்தடி நடந்துபோய் ஒரு முகத்தைப் பார்த்திருக்க முடியாதா? நியாயம் பார்த்து வருகிற கோபம் கோபமே இல்லை என்று நினைத்துக்கொண்டான். போனை வேட்டி நுனியில் துடைத்தான். இன்றைக்குக் கொடுக்க வேண்டிய பக்கம் அதே பக்கம்தான், முத்தையன் காலராக் குடிசையில் மல்லாந்து கிடக்கிற முழுப் பக்கம், வசனமே கிடையாது, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் வெறும் உடம்பு.

அந்த உடம்பு இதோ கிடக்கிறது. சொல்லிவிட்டால் என்ன, மனசுக்குள்தானே. அண்ணன் பழனியாண்டி, திருச்சி துறையூர் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டர், தொப்பையை முன்னால் தள்ளிக்கொண்டு நெருக்கடிக்குள் அவர் நுழைந்தால் கும்பல் தானே வழிவிடும், விசில் தேவைப்படாத தொண்டை. அந்தத் தொண்டைக்குக் கீழே, உணவுக்குழாயில் கட்டி. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், இஷ்டப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இஷ்டப்பட்டது எதுவும் இறங்காது என்பதைச் சொல்லவில்லை. புரட்டாசி மாதம் ஒருநாள் மரியாதைக்குப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தான். ஒரே ஊரில் இருந்தும் அதற்கு முன்பு பொங்கலுக்குப் பொங்கல் வருகிறவன்தான், சண்டை சச்சரவு எதுவும் இல்லை, வரத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அண்ணன் சட்டையில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தெலும்புக்கு மேலே இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. ஐயோ அண்ணே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்தக் குழியில் நிழல் எப்படி விழுகிறது, எங்கே கறுப்பு நின்று எங்கே பழுப்பு தொடங்குகிறது, அதுதான் தோன்றியது. கிடைத்துவிட்டது என்று தோன்றியது. தேடி அலைந்த மூலிகை காலில் இடறியது என்பார்களே, அந்தச் சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் முத்தையனின் முதல் தோளை வரைந்தான், கை நடுங்காமல், ஒரே மூச்சில். மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். விலா ஒரு வாரம், தோள்பட்டை மூட்டு ஒரு வாரம், முழங்கைக்கு மேல் தசை உள்வாங்குவது ஒரு வாரம். பேப்பர் கொண்டு வர மாட்டான், வெறும் கண்தான், மனசில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அண்ணன் இளைக்க இளைக்க முத்தையனும் பக்கத்துக்குப் பக்கம் இளைத்தான். புத்தகம் ஓடிய வேகத்துக்கு அண்ணனும் ஈடுகொடுத்தார். எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம். பிறகு கார்த்திகையில் ஏதோ புது மருந்து, டிரிப் ஏற்றினார்கள், அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்தது, கன்னத்தில் ஒரு சதை வந்தது. அந்த வாரம், அந்த வாரத்தை நினைக்கக் கூடாது என்றுதான் தினமும் நினைக்கிறான், அந்த வாரம் அவனுக்கு எரிச்சல் வந்தது. தண்டவாள வேலை உச்சத்திலிருந்த பக்கங்கள். முத்தையன் இன்னும் ஒட்டிப்போக வேண்டும், இவர் சதை போட்டுக்கொண்டு நிற்கிறார். உடன்பிறந்தவன் கொஞ்சம் தேறினால் எரிச்சல் படுகிறவனை என்னவென்று சொல்வது? பேய் என்றால் பேய் கோபித்துக்கொள்ளும். தை பிறந்ததும் அந்தச் சதை மறுபடி வற்றியது. படம் நன்றாக வந்தது.

"தம்பி, வேர்வை இப்புடி ஊத்துதே, மோரு கொண்டாரவா?" அண்ணி தனபாக்கியம் கதவோரம் நின்றாள். கையில் கஞ்சி டம்ளர், டம்ளருக்கு மேலே ஒரு ஸ்பூன். ஆறு மாதத்தில் அவளும் பாதியாகிவிட்டாள். அதை அவன் இப்போதுதான் பார்க்கிறான், கட்டிலுக்கு வெளியே அவன் கண் போனதே இல்லை. வேண்டாம் அண்ணி என்றான். அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "நேத்து கோயில்ல கூட சொன்னேன். பெத்த புள்ள திருப்பூர்லேர்ந்து மாசம் ஒருக்கா எட்டிப் பாக்குறான். கூடப் பொறந்த தம்பி ஒருநா தவறாம வந்து பக்கத்துல உக்காருறாரு. வாயத் தொறந்து ஒண்ணும் பேசுறதில்ல, ஆனா வச்ச கண்ணு வாங்காம அண்ணன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எங்க தெருவுல ஒங்களப் பத்திதான் பேச்சு தம்பி." மூஞ்சியை இல்லை அண்ணி, மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. இந்தப் பெண்பிள்ளைக்கு யார் இவ்வளவு நல்ல மனசு கொடுத்தது, கொஞ்சம் சந்தேகப்பட்டால்தான் என்ன, எதுக்குடா தினமும் வந்து குந்துறே, ஆதாயமில்லாத ஆத்தங்கரைக்கு யாரும் போக மாட்டானே என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? திட்டினால் திருப்பித் திட்டலாம். புகழ்கிறவளை என்ன செய்வது? அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். அவள் ஸ்பூனை நீட்டினாள். அண்ணன் கண் திறந்தார், கஞ்சியைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரே ஒரு வாய், மாமா, ஒரு வாய் என்று அவள் கெஞ்சினாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். கழுத்து நரம்பு ஒன்று புடைத்து நின்றது, நல்ல நரம்பு, அந்தப் பக்கத்துக்குத் தேவைப்படுகிற நரம்பு, அதற்குக் கீழே குழி, குழியின் விளிம்பில் ஜன்னல் வெளிச்சம். ஆனால் முத்தையன் முகத்தைத் திருப்ப மாட்டானே. திடீரென்று அது அவனுக்கு உறைத்தது. பட்டினி கிடப்பவன் கஞ்சி டம்ளரைக் கண்டால் கழுத்தை முன்னால் நீட்டுவான், அவன் நரம்பு வேறு பக்கம் இழுக்கும், அவன் கண் டம்ளரை விட்டு நகராது. இது சோற்றை வேண்டாம் என்கிற உடம்பு. அது சோறு சோறு என்று செத்த உடம்பு. ஆறு மாதமாக அவன் திருடியது தப்பான பொருள். எலும்பு எல்லாருக்கும் ஒரே எலும்பு என்று ஹரிபிரசாத் ஒருமுறைதான் சொன்னான், இவன் அதையே தினமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்திருக்கிறான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். கோபம் தலைக்கு ஏறி எங்கே இறங்குவது என்று தெரியாமல் காதுக்குள் இரைந்தது. அண்ணி கஞ்சியோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். போன் மறுபடி அதிர்ந்தது, சார் எனி அப்டேட். ஒரு பக்கம் ஹரிபிரசாத்தின் குரல்வளையை நெரித்துக்கொண்டும் மறுபக்கம் அந்தப் பாழாய்ப்போன நரம்பை அப்போதும் விடாமல் மனசில் ஏற்றிக்கொண்டும் உட்கார்ந்திருந்தான். தப்பு என்று தெரிந்த பிறகும் கண் நிற்கவில்லை. கண்ணுக்கு வெட்கம் கிடையாது.

"கழுத்து முடிஞ்சுச்சா?"

யார் பேசியது என்று ஒரு கணம் விளங்கவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். குரல் இப்போதெல்லாம் காற்றுதான், அதற்குள் வார்த்தையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

"என்னண்ணே?"

"கழுத்து. வரைஞ்சு முடிச்சாச்சான்னு கேட்டேன்."

அண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பி, நல்லேந்திரன் தொடையைக் கண்ணால் காட்டினார். அவன் வலது ஆள்காட்டி விரல் வேட்டி மேல் நின்றிருந்தது, பாதிக் கோட்டில்.

"சின்னப்புள்ளையிலேர்ந்து ஒனக்கு அது ஒரு வழக்கம். அப்பா பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டுக்கூட வெரலாட்டுனே. அம்மா முதுகுல ஒண்ணு வச்சுது. மறந்துட்டியா?"

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே தெரியும்." அவர் மூச்சு வாங்கினார். "எந்தப் பொஸ்தகத்துக்கு?"

சொன்னான். சயாம், ரயில் பாதை, முத்தையன், காலராக் குடிசை. சொல்லும்போதே வாயில் மண் விழுந்ததுபோல் இருந்தது. அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தான், திட்டட்டும், கண்டக்டர் வாய், பஸ் ஸ்டாண்டே கூசுகிற கெட்ட வார்த்தை எல்லாம் அந்த வாயில் உண்டு, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒருமுறை திட்டிவிட்டால் மனசு ஆறிப்போகும். அண்ணன் திட்டவில்லை.

"அப்ப அந்தாளு சாகுற எடம் இன்னும் வரையல."

"இல்ல."

"சரி. அந்த ஃபேன மட்டும் கொஞ்சம் கொறைச்சிடு. வெளிச்சம் வேணும்னா சன்னல் இருக்கட்டும். ஃபேன் வேணாம். குளுருதுடா."

"குளுருதா? இந்த வெயில்லயா?"

"ஒடம்புல என்னா இருக்கு சூடு தாங்க. ஐப்பசிலேர்ந்தே குளுருதுதான்."

ஃபேன் தலைக்கு மேல் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தினமும் வந்ததும் அதைக் கூட்டிவைக்கிறவன் அவன்தான். தினமும் வரும்போது அண்ணன் சட்டையில்லாமல் கிடப்பார். அதை அவன் வெயில் என்று நினைத்தான், வியாதி என்று நினைத்தான், நினைக்கவேகூட இல்லை, வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று மட்டும் பார்த்தான். கட்டிலின் தலைமாட்டில் மடித்த கம்பளியும் அதன் மேல் முழுக்கைச் சட்டையும் இருந்தன. சட்டையின் கைகள் கசங்கியிருந்தன. சற்று முன்பு வரைக்கும் யாரோ போட்டிருந்த சட்டை.

"எனக்காகவா கழட்டுனே?" சத்தம் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பிறந்ததிலிருந்து அண்ணனை நீ என்று சொன்னதில்லை. "நான் வர்ற நேரம் பாத்துக் கழட்டிப் போட்டுட்டுக் கெடந்தியா? ஆறு மாசமாவா? குளுருதுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? வாய் இல்ல ஒனக்கு? ஊரு முழுக்கக் கத்துன வாயிதானே? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன வந்துச்சு ஒனக்கு? நான்தான் கண்ணவிஞ்ச நாயி, ஒனக்கு எங்கய்யா போச்சு புத்தி?"

அண்ணி ஓடி வந்தாள். தம்பி, தம்பி என்னாச்சு என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாகக் கிடக்கிறவனைப் பார்த்துக் கத்துகிற கொழுந்தனை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பார்க்கட்டும், கோயிலில் போய் இதையும் சொல்லட்டும். அண்ணன் கையை லேசாகத் தூக்கி அவளைப் போகச் சொன்னார். ஒண்ணுமில்ல, அவன் சின்னப்புள்ளையிலயே அப்படித்தான், நீ போ.

அவள் போனாள். நல்லேந்திரன் எழுந்து ஃபேனை நிறுத்தினான். சட்டையை எடுத்து உதறினான். அண்ணனைத் தோளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தான். ஆறு மாதத்தில் அவரைத் தொடுவது இதுதான் முதல்முறை. அந்தத் தோள் எத்தனை லேசு என்று கண் சொல்லவே இல்லையே என்று நினைத்ததும் மறுபடி கோபம் பொங்கியது, அதில் கண்ணீரும் கலந்துகொண்டு மூக்கில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. ஒரு கையை நுழைத்தான், மறு கையை நுழைத்தான். பொத்தானைக் கீழிருந்து மேலே போட்டுக்கொண்டு வந்தான். விலா மறைந்தது, நெஞ்சு மறைந்தது, கடைசிப் பொத்தானில் கழுத்துக் குழியும் மறைந்தது. மேலே முகம் மட்டும் இருந்தது. பார்த்தான். கண் மஞ்சளாக இருந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, எப்போது பட்டது என்று கேட்க வேண்டும். அண்ணனும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், பயந்தாற்போல.

"இனிமே அப்படிப் பாக்க மாட்டேண்ணே," என்றான். கம்பளியை இழுத்து இடுப்பு வரைக்கும் போர்த்தினான். "சத்தியமா. அது முடிஞ்சு போச்சு. அவனுக்கு வேற எங்கயாச்சும் தேடிக்கிறேன். இங்கேர்ந்து இனி ஒரு கோடுகூட எடுக்க மாட்டேன்."

அண்ணன் சட்டைக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். மேல் பொத்தானைக் கழற்றப் பார்த்தார், விரலில் வலு இல்லை, விட்டுவிட்டார். பிறகு அந்தக் காற்றுக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்:

"அப்ப நாளைலேர்ந்து வர மாட்டியாடா?"